உடைந்த வண்டி எவருக்கு உரியது?

விபத்தொன்றில் என் மோட்டார் வண்டி திருத்தவியலாதவாறு நொறுங்கிற்று. காப்புறுதிக் கம்பனியார் முழுப் பெறுமதியையுந் தர இசைந்தனர். உடைந்த வண்டியும் எனக்கே வேண்டுமென வாதித்தேன். சட்டத்தரணியான என் பழைய மாணாக்கர் வினவினார்: “ஐயா, நட்டஈடு என்பதில் ‘ஈடு’ என்றால் ஒப்பு என்றல்லவோ கற்பித்தீர்கள்?”

நாணினேன். இழப்புக்கு ஒப்பானதே ஈடு. முழுப் பெறுமதியையுங் கொடுத்தவர் எஞ்சிய பொருளைத் தமதாக்கிக்கொள்ளலாம் என்பதே இங்கிலாந்தின் 1906 ஆம் ஆண்டுக் கடற்காப்புறுதிச் சட்டத்தின் 79 ஆம் பிரிவு கூறும் நெறி. மோட்டார் வண்டிக்கும் அந்நெறி பொருந்தும். வண்டி 20 இலட்சமும் அதன் எச்சம் 4 இலட்சமும் பெறுமாயின், 20 இலட்சம் பெறுவோர் எச்சத்தைக் கையளித்தல் வேண்டும். எச்சத்தை வைத்திருக்க உடன்பட்டோர் 16 இலட்சமே பெறுவர். இரண்டையும் விழைதல் பேராசை.

ஆயின் ஈடு இருபாலார்க்கும் பொது. எச்சத்தின் விலையைக் கழித்தபின் எச்சத்தையும் எடுத்துச்செல்லுதல் கம்பனிக்குந் தகாது. எச்சத்தை மிகையாக மதித்து ஈட்டைக் குறைத்தலும் அத்தகையதே. ஆதலின் அன்பர்காள், கையொப்பமிடுமுன் எச்சம் எவருக்கு, அதன் மதிப்பு எவ்வளவு என்பவற்றை எழுத்திலே கேட்டுப் பெறுமின். கேளாது கையொப்பமிட்டுப் பின்னர் வருந்துவதாற் பயனென்ன?