சூரியனுக்கு இல்லாத ஆட்சேபணை

விடியற்காலையில் கிழக்கு முகமாய் நின்று, சூரியனுக்கு அர்க்கியம் விடுகின்றவர்களை நாம் பார்த்து வருகிறோம். இத்தனை காலம் விட்ட தண்ணீரால் சூரியனைப்பற்றி ஒரு சிறு சங்கதியாவது தெரிந்துகொண்டார்களா என்றால், கிடையாது. அந்தச் சூரியன் பேரால் சொல்லும் காயத்திரியைப் பெண்கள் சொல்லக்கூடாது, சூத்திரன் சொல்லக்கூடாது என்று தடுத்து வைத்ததுதான் கண்ட மிச்சம்.

1946-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரத்து டோவர் ஹைட்ஸ் என்னும் கடலோரக் குன்றின்மேல், ரூபி பெய்ன்-ஸ்காட் என்ற அம்மையாரும் சூரிய உதயத்திற்குக் காத்திருந்தார். அவரிடம் இருந்தது தண்ணீரல்ல. யுத்தத்தில் எதிரியைக் கண்டுபிடிக்க வைத்த ராடார் ஏரியல். அதுவே ரேடியோ தொலைநோக்கியாயிற்று. சூரியனிடமிருந்து வெளிச்சம் மாத்திரமல்ல, ரேடியோ அலைகளும் வருகின்றன. (1942-ல் இங்கிலாந்தில் ராடார்கள் இரைச்சலால் குழம்பியபோது, ஜெர்மானியர் சூழ்ச்சியோ என்று சந்தேகித்தார்கள். ஹே என்பவர் திசையைப் பார்த்து, இது சூரியன் வேலை என்றார். நம்மவர்களாயிருந்தால் சாந்தி ஹோமத்திற்குச் சீட்டு எழுதியிருப்பார்கள்!)

இந்த அலைகள் குன்றின்மேலுள்ள ஏரியலுக்கு நேராகவும் வரும். கீழே கடல் நீரில் பட்டுத் திரும்பியும் வரும். இரண்டும் சேர்கையில் இரைச்சல் ஏறியும் இறங்கியும் காணும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, பலத்த இரைச்சல் சூரியன் முழுவதிலுமிருந்து வரவில்லை, கரும்புள்ளிக் கூட்டமிருக்கும் பக்கத்திலிருந்தே வருகிறது என்று அம்மையாரும் கூட்டாளிகளும் ருஜுப்படுத்தினார்கள். பெண் கேட்கிறாளே என்று சூரியன் வாய்மூடிக்கொள்ளவில்லை.

ஆட்சேபணை செய்தது சர்க்கார். கல்யாணமான பெண்ணுக்கு நிரந்தர உத்தியோகம் கிடையாது என்பது அந்நாட்டு விதி. அம்மையார் 1944-லேயே கல்யாணம் செய்துகொண்டு, வெளியில் சொல்லாமல் வேலை பார்த்து வந்தார். 1950-ல் சங்கதி வெளிப்பட்டது. நிரந்தர உத்தியோகம் போயிற்று. 1951-ல் பிள்ளைப்பேற்றுக்கு முன்பாக ராஜிநாமாக் கொடுத்தார். பேறுகால ரஜாக்கூட இல்லை. கல்யாணத்தால் பெண்ணின் மூளை மழுங்கிவிடும் என்றால், கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்துப் போட்ட 1946-ம் வருஷத்துக் கணக்கு எப்படிச் சரியாயிற்று? கூட வேலைபார்த்த ஆண்களிடம் கல்யாணமாயிற்றா என்று எந்த அதிகாரியாவது கேட்டு உத்தியோகத்தைப் பறித்தானா?

விஞ்ஞானம் வளர்ந்த நாட்டிலுமா இப்படி என்று சில தோழர்கள் கேட்கலாம். கருவியைப் புதிதாக வாங்கினார்களே தவிர, பெண்ணைப்பற்றிய புத்தியைப் பழசாகவே வைத்திருந்தார்கள். அந்த விதியை 1966-ல்தான் எடுத்தார்கள். அப்போது அம்மையார் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.