வேலியோர ஆடாதோடையை அளந்து பார்ப்போம்
ஆடுகூட வாய் வைக்காத கசப்பு இலை ஆடாதோடை. சளி, இருமல் என்றால் அதைப் பறித்துக் கஷாயம் வைப்பது நம் வீடுகளில் வழக்கம். அந்த இலையிலுள்ள வாசிசின் என்ற ஆல்கலாய்டை முன்மாதிரியாகக் கொண்டுதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. அதன் வழிவந்த ஆம்ப்ராக்சால் இன்று பல இருமல் சிரப்புகளில் இருக்கிறது. அதே வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் என்பதையும் ஆய்வுதான் காட்டியது. ஆகவே கர்ப்பிணிகளுக்கு இந்தக் கஷாயம் ஆகாது. ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்ற பேச்சை இனி விட்டுவிட வேண்டும். எந்த மண்ணில், எந்தப் பருவத்தில், தளிரிலா முற்றிய இலையிலா வாசிசின் கூடுகிறது என்று நம் ஊர்க் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகங்கள் அளந்து சொல்லட்டும். அளவு தெரிந்தால்தான் கைவைத்தியக் கஷாயத்தை நம்பிக் குடிக்க முடியும்.