எஞ்சின் மேல் பழி போடாதீர்கள்

போன வாரம் குளக்கரையில் நடந்துவிட்டு வரும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், பழைய ஸ்விஃப்ட் டீசல் ஒண்ணு விலைக்கு வருது. டைமிங் செயின் தகராறுன்னு சொல்றாங்களே, வாங்கலாமா?" அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அது ஃபியட் வடிவமைத்த 1.3 மல்டிஜெட் எஞ்சின். 1248 சிசி, நாலு சிலிண்டர், 16 வால்வு, 75 குதிரைத்திறன். மாருதியில் டிடிஐஎஸ், டாடாவில் குவாட்ராஜெட் என்று பெயர். ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோ எல்லாவற்றிலும் இதுவே இருந்ததால் 'தேசிய டீசல் எஞ்சின்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது.

இதில் பெல்ட் கிடையாது, செயின். அதைத் தளராமல் பிடித்திருக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ஆயில் கொள்ளளவோ சுமார் 3 லிட்டர்தான். அது குறைந்தாலோ, கரியாகிக் கெட்டாலோ செயின் தேயும்.

என் கதையையே சொல்கிறேன். ரிடையர் ஆன பிறகு என் டிசையர் வருடத்துக்கு 3000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. 10,000 ஆகட்டும் என்று மூன்று வருடம் ஆயில் மாற்றாமல் விட்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகடவென்று சத்தம் வரும். 'டீசல்னா அப்படித்தான்' என்று இருந்துவிட்டேன். ஒருநாள் காஞ்சிபுரம் போகும் வழியில் செயின் பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டன. மூன்று மாதப் பென்ஷன் போயிற்று. தப்பு எஞ்சின் மேல் இல்லை, என் மேல்தான்.

ஆகவே, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய வண்டி வாங்கப் போனால், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். இழுவை குறைந்து கரும்புகை வந்தால் இஜிஆர் வால்வில் கரி அடைத்திருக்கலாம். 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே மந்தமாக இருப்பது டர்போவின் சுபாவம். அது கோளாறு அல்ல.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. இப்போதைய டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி உண்டு. கொஞ்ச தூரமே ஓட்டினால் அது சூடேறாமல் அடைத்துக்கொள்ளும்.

கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போய்வரும் நம் வயதுக்காரர்களுக்குப் பெட்ரோல் வண்டியே போதும் என்பது என் அபிப்பிராயம். நண்பரிடமும் அதைத்தான் சொன்னேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்!