சிறகை விட்டுக் காலைப் பாருங்கள்

பட்டாம்பூச்சிகளுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிவரும் ஆர்வலர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆயினும் நிம்ஃபாலிடே என்னும் பெருங்குடும்பத்திற்கு 'வரியன்கள்' என்ற பெயர் வழங்கிவருவதில் நமக்கு உடன்பாடில்லை. உலகெங்கும் ஏறத்தாழ 6000 இனங்கள் கொண்ட இக்குடும்பத்தில் வரியுடையனவும் உண்டு, புள்ளியுடையனவும் உண்டு, சருகின் நிறத்தில் மங்கிக் கிடப்பனவும் உண்டு.

இவற்றை உறவாக்குவது சிறகன்று, கால். பூச்சிக்கு ஆறு கால் என்பது பள்ளிப்பாடம். பூவிலமர்ந்த இக்குடும்பத்துப் பூச்சியை உற்று நோக்கினால் நான்கே தெரியும். முன்னங்கால் இரண்டும் குறுகி, மயிரடர்ந்த தூரிகைபோல் மார்போடு ஒட்டியிருக்கும். பயனற்ற எச்சமென்று அவற்றை ஒதுக்கவும் இயலாது. பெண்பூச்சிகள் பல, அக்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்த பின்னரே முட்டையிடுகின்றன. (மூக்கு நீண்டதுபோல் தோன்றும் ஒரு துணைக்குடும்பத்துப் பெண்களுக்கு முன்னங்கால்கள் முழுமையாகவே உள்ளன. நூற்பா இருந்தால் புறனடையும் இருக்கத்தானே வேண்டும்!)

சிறகை நம்பினால் என்ன நேரும்? எருக்கிலையைத் தின்று வளரும் வெந்தய வரியன், அதன் நஞ்சை உடலில் சேர்த்துவைப்பதால் பறவைகள் அதனை விலக்குகின்றன. பருப்புக்கீரையில் வளரும் வேறோர் இனத்தின் பெண்பூச்சியோ நஞ்சில்லாமலே அதே செம்மஞ்சள் கோலத்தைப் புனைந்து தப்பிக்கிறது. அதன் ஆண் கரிய சிறகும் வெண்பொட்டுகளுமாய் முற்றிலும் வேறாகத் தோன்றும். நிறம் பார்த்து வகுப்பவர் கணவனையும் மனைவியையும் பிரித்து, மனைவியை அயல்வீட்டில் சேர்த்துவிடுவார்.

லின்னேயஸ் 1758இல் பட்டாம்பூச்சிகள் அனைத்தையும் ஒரே பேரினத்தில் அடக்கினார். உட்பிரிவொன்றில் டிராய்ப் போரின் இருதரப்பு வீரர் பெயர்களையும் சூட்டி மகிழ்ந்தார். பின்வந்தோர் வரியன்களைத் தனிக்குடும்பமாகவும், நிழலில் தாழப் பறக்கும் பழுப்பு வகையினரை மற்றொரு குடும்பமாகவும் பிரித்தனர். இன்று மரபணுச் சான்றும் சேர, அவையெல்லாம் நிம்ஃபாலிடேயின் ஏறத்தாழ 12 துணைக்குடும்பங்களுள் அடங்கிவிட்டன. ஆகவே 'வரியன்' என்பது ஒரு கிளையின் பெயர். அதனை மரத்துக்கே இட்டுவிட்டு ஆகுபெயர் என்று சமாதானம் சொல்லலாம். செய்யுளுக்குச் சரி, களவழிகாட்டி நூலுக்கு ஆகாது.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை வகுத்தது நிறத்தாலன்று, அறிவின் எண்ணிக்கையால். அம்மரபினருக்குத் 'தூரிகைக்காலிகள்' என்ற சொல் கடினமானதன்று. 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் இக்குடும்பத்ததே. இனி நூலெழுதுவோர் அதனையேனும் இத்தலைப்பின்கீழ் வைக்குமாறு வேண்டுகிறோம்.