பள்ளிப் பதிவேட்டில் காணாமல் போகும் நிறம்

2007 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு ஊர்களின் பள்ளிச் சேர்க்கைத் திட்டங்களை ஒரே தீர்ப்பில் ரத்துசெய்தது. எல்லா இனப் பிள்ளைகளும் கலந்து படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வகுக்கப்பட்ட திட்டங்கள்தான் இரண்டும். சியாட்டில் நகரம் தன் மாணவர்களை ‘வெள்ளையர்’, ‘வெள்ளையர் அல்லாதோர்’ என்று பிரித்திருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரமோ ‘கறுப்பர்’, ‘மற்றவர்’ என்று பிரித்திருந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு குடும்பம் சியாட்டிலில் குடியிருந்தால், அதன் பிள்ளை கறுப்பினப் பிள்ளைகளோடு ஒரே பட்டியலில் வரும். அதே குடும்பம் லூயிவிலுக்குக் குடிபெயர்ந்தால், பிள்ளை வெள்ளையர் பக்கம் போய்விடும்.

ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளில் வேர் உள்ளவர்களை அமெரிக்க அரசு ‘ஹிஸ்பானிக்’ என்கிறது. ‘லத்தீனோ’ என்றும் சொல்வதுண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்கள் 6.21 கோடிப் பேர். அரசுப் பள்ளிகளில் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கும் அதிகம். ஹவானாவை விட்டு வெளியேறிய வெள்ளைத்தோல் மருத்துவரின் பேரன், நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் வளரும் டொமினிக்கக் கறுப்பினச் சிறுமி, குவாத்தமாலா மலைக் கிராமத்திலிருந்து வந்த மாயா பழங்குடிச் சிறுவன் ஆகிய மூவரும் இந்த ஒரே தலைப்பின் கீழ்தான் வருவார்கள். தலைப்புக்கு வயதும் அதிகமில்லை. 1976-ல் ஒரு சட்டம், 1977-ல் ஓர் அரசாணை, 1980-ல் முழுக் கணக்கெடுப்பு என்று படிப்படியாக வந்தது. கணக்கெடுப்புத் துறை, உரிமை அமைப்புகள், ஸ்பானியத் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆகிய மூன்று தரப்பும் தத்தம் தேவைக்காகச் சேர்ந்து இதை நிலைநிறுத்திய கதையைச் சமூகவியலாளர் கிறிஸ்டினா மோரா 2014-ல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார்.

தலைப்பு வருவதற்கு முந்தைய கதை இன்னும் சுவையானது. 1930 கணக்கெடுப்பில் ‘மெக்சிகன்’ என்பது தனி இனமாகவே இருந்தது. மெக்சிகோ அரசும் மெக்சிக அமெரிக்கர்களின் அமைப்புகளும் எதிர்த்ததால் 1940-ல் அதை நீக்கினார்கள். மெக்சிகர்கள் மீண்டும் காகிதத்தில் வெள்ளையர் ஆனார்கள். பள்ளி வாசலில் அந்தக் காகிதம் செல்லுபடியாகவில்லை.

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரான முனெமிட்சு குடும்பத்தை அரசு முகாமில் அடைத்தது. அவர்களுடைய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்து நடத்த வந்தவர் கோன்சாலோ மெண்டஸ். அவர் மெக்சிகர், மனைவி ஃபெலிசிட்டாஸ் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர். கோன்சாலோவின் சகோதரி சோலெடாட், தன் பிள்ளைகளையும் சகோதரனின் பிள்ளைகளையும் ஒன்றாக அழைத்துக்கொண்டு 17-வது தெருப் பள்ளியில் சேர்க்கப் போனார். சோலெடாடின் பிள்ளைகளுக்கு வெளுத்த நிறம். கணவர் வழியில் வந்த குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர்போல ஒலித்தது. அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பள்ளி தயாராக இருந்தது. மாநிறச் சிறுமி சில்வியா மெண்டஸையும் அவள் தம்பிகளையும் ‘மெக்சிகன் பள்ளி’க்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு பாட்டியின் பேரப்பிள்ளைகள் ஒரே மேசையின் முன்னால் இரண்டு இனமானார்கள். சோலெடாட் யாரையுமே சேர்க்காமல் எல்லாரையும் அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

அங்கிருந்து பிறந்த வழக்குதான் மெண்டஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர். 1946 பிப்ரவரியில் பெற்றோர் வென்றார்கள். 1947-ல் மேல்முறையீட்டிலும் வெற்றி நிலைத்தது. பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியே பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் அளித்த பிரவுன் தீர்ப்புக்கு இது முன்னோடி என்பார்கள். உண்மைதான். ஆனால் வாதம் நடந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். இனப் பாகுபாடு என்ற பேச்சையே இரு தரப்பும் எடுக்கவில்லை. மெக்சிகர்கள் வெள்ளையர் என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டே வழக்காடின. ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளைத்தான் பிரித்தோம் என்றது பள்ளி நிர்வாகம். மொழித் தேர்வு பேருக்குத்தான் நடந்தது, பெயரையும் முகத்தையும் பார்த்தே பிரித்தார்கள் என்பது விசாரணையில் அம்பலமானது. கறுப்பரைத் தனியே வைப்பது சட்டப்படி செல்லுபடியான காலம் அது. ‘நாங்கள் வெள்ளையர், எங்களைப் பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை’ என்பதுதான் அன்றைக்கு ஜெயிக்கக்கூடிய வாதம்.

அதற்கான விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது. 1970-ல் டெக்சஸின் ஹூஸ்டன் நகரப் பள்ளிகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் கலக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. திட்டத்தின்படி கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் பலவற்றோடு ஜோடி சேர்ந்தவை மெக்சிகப் பிள்ளைகளின் பள்ளிகள். மெக்சிகர் வெள்ளையர்தானே! உத்தரவும் நிறைவேறிவிட்டது, வசதியான வெள்ளையர் பகுதிப் பள்ளிகளுக்கும் பெரிய தொந்தரவில்லை. ஏழைகளை ஏழைகளோடு கலந்துவிட்டு ஒருங்கிணைப்பு என்று பெயர் வைத்த சாமர்த்தியம் இது. மெக்சிகப் பெற்றோர் அந்த ஆகஸ்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்து, தேவாலயக் கூடங்களில் சொந்தமாக வகுப்பு நடத்தினார்கள். ‘நாங்கள் பழுப்பு, வெள்ளை அல்ல’ என்பது போராட்டத்தின் குரலானது. வரலாற்றாசிரியர் குவாடலூப்பே சான் மிகேல் தன் நூலுக்கு வைத்த தலைப்பும் அதுவே. கார்பஸ் கிறிஸ்டி நகரில் எஃகுத் தொழிற்சங்கத்தைச் சேர்ந்த தந்தையர் தொடுத்த வழக்கில், மெக்சிக அமெரிக்கர் தனியே அடையாளம் காணத்தக்க சிறுபான்மையினர் என்று அதே 1970-ல் நீதிபதி உட்ரோ சீல்ஸ் தீர்ப்பளித்தார். 1973-ல் டென்வர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திசையிலேயே போனது.

முப்பது ஆண்டுகளுக்குள் வெள்ளையர் என்று ஒரு வழக்கு, வெள்ளையர் அல்ல என்று இன்னொரு வழக்கு. இதை முரண்பாடு என்று குடும்பங்களின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பிள்ளைக்கு நல்ல வகுப்பறை வேண்டும் என்ற கோரிக்கை இரண்டு வழக்கிலும் ஒன்றுதான். சட்டம் எந்தக் கதவைத் திறந்துவைத்ததோ அந்தக் கதவைத் தட்டினார்கள்.

இன்றைய நிலைக்கு வருவோம். கணக்கெடுப்பில் தங்களை வெள்ளையர் என்று மட்டும் குறித்த ஹிஸ்பானிக் மக்கள் 2010-ல் 53 சதவீதம். 2020-ல் அது 20 சதவீதமாகச் சரிந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இனங்களாகப் பதிவானவர்கள் 6 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக ஏறினார்கள். 42 சதவீதத்தினர் ‘வேறு இனம்’. பத்தே ஆண்டுகளில் கோடிக்கணக்கானோர் மனம் மாறிவிட்டார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. கேள்வியின் அடியில் பூர்வீகத்தை எழுத இடம் விட்டதும், எழுதியதைத் துறை வகைப்படுத்திய முறை மாறியதும் இந்தத் தாவலில் பெரும் பங்கு வகித்தன. கேட்கிற விதத்தை மாற்றினால் பதில் இவ்வளவு ஆடுகிறது என்றால், கேள்விதான் இந்த மக்களுக்குப் பொருந்தவில்லை.

பள்ளியின் சேர்க்கைப் படிவம் கணக்கெடுப்பைவிடக் கறாரானது. 2007-ல் கல்வித் துறை வகுத்து, 2010-11 கல்வியாண்டுக்குள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த விதி இது: முதல் கேள்வி, பிள்ளை ஹிஸ்பானிக்கா, இல்லையா? இரண்டாம் கேள்வி, இனம் என்ன? அமெரிக்கப் பூர்வகுடி, ஆசியர், கறுப்பர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவினர், வெள்ளையர் என்று ஐந்தே கட்டங்கள். ‘வேறு இனம்’ என்ற கட்டம் இங்கே கிடையாது. பெற்றோர் நிரப்பாமல் விட்டால், பள்ளி ஊழியர் பிள்ளையைப் பார்த்துத் தானே முடிவுசெய்து நிரப்ப வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியின் மேசை வேறு உருவில் இன்னும் இருக்கிறது என்று ஒருவர் குறைப்பட்டால் மறுப்பது கடினம்.

விதியின் அடுத்த பகுதிதான் பலருக்கும் தெரியாதது. முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் அடித்துவிட்டால், இரண்டாம் கேள்விக்கு என்ன பதில் எழுதினாலும் மத்திய அரசுக்குப் போகும் கணக்கில் அந்தப் பிள்ளை ‘ஹிஸ்பானிக்’ மட்டுமே. கறுப்பு என்று டிக் அடித்த டொமினிக்கத் தாயின் பதிலும், பூர்வகுடி என்று டிக் அடித்த, மெக்சிகோவின் மிஷ்டெக் பழங்குடியைச் சேர்ந்த தந்தையின் பதிலும் மேலே போகும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன.

இதனால் என்ன நஷ்டம்? கறுப்பின மாணவர்களைப் பள்ளிகள் மற்றவர்களைவிட அதிகமாக இடைநீக்கம் செய்கின்றன என்பது அமெரிக்கக் கல்வித் துறையின் தரவுகளே திரும்பத் திரும்பக் காட்டும் விஷயம். டொமினிக்கக் கறுப்பினச் சிறுவன் இடைநீக்கம் செய்யப்பட்டால் அது ஹிஸ்பானிக் கணக்கில் ஏறும். வெள்ளைத்தோல் கியூபச் சிறுவர்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் பிரச்சினை குறைவாகத் தெரியும். லத்தீனோ பெரியவர்களில் சுமார் 12 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 60 லட்சம் பேர், தங்களை ஆஃப்ரோ-லத்தீனோ (ஆப்பிரிக்க வேர் உள்ள லத்தீனோ) என்று அடையாளப்படுத்துவதாகப் பியூ ஆய்வு மையம் சொல்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளித் தரவுகளில் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

வெளியே ஒரே தலைப்பாகத் தெரிவது, உள்ளே படி படியாக இருக்கிறது. ஒரே வீட்டில் வெளுத்த பெண்ணை ‘குவேரா’ என்றும் கறுத்த பெண்ணை ‘மொரேனா’ என்றும் செல்லமாக அழைப்பது வழக்கம். வெளுத்த வரனைப் பிடித்து ‘இனத்தை மேம்படுத்து’ என்று பாட்டிகள் சொல்வதும் உண்டு. இந்தப் பேச்சு பிள்ளைகளோடு பள்ளிக்கும் போகிறது. கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் நகரம் ஸ்ட்ராபெரித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. பழம் பறிக்க வருபவர்களில் பெரும்பங்கினர் மெக்சிகோவின் வஹாகா, குரேரோ மாநிலங்களைச் சேர்ந்த மிஷ்டெக் பழங்குடியினர். அவர்களுடைய பிள்ளைகளை மற்ற மெக்சிகப் பிள்ளைகளே ‘வஹாகீத்தா’, ‘இந்தீத்தோ’ என்று கேலிசெய்தார்கள். குட்டை, கறுப்பு, பட்டிக்காடு என்ற இளக்காரம் முழுக்க அந்த இரண்டு சொற்களில் இருந்தது. மிஷ்டெக் சமூக அமைப்பு போராடியதன் விளைவாக, 2012-ல் ஆக்ஸ்னார்ட் பள்ளி மாவட்டம் அந்தச் சொற்களுக்குத் தடை விதித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. புள்ளிவிவரப்படி அந்தக் கேலியில் இனப் பிரச்சினையே இல்லை. ஒரு ஹிஸ்பானிக் பிள்ளை இன்னொரு ஹிஸ்பானிக் பிள்ளையைச் சீண்டியது, அவ்வளவுதான்.

சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2022 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத் தலைவர் நூரி மார்ட்டினெஸின் தனிப்பேச்சு ஒலிப்பதிவு வெளியானது. அந்தப் பதவிக்கு வந்த முதல் லத்தீனோ பெண் அவர். சக உறுப்பினரின் கறுப்பின மகனையும் வஹாகாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் தோற்றத்தையும் இழிவாகப் பேசியிருந்தார். பதவி விலக நேர்ந்தது. பள்ளி மைதானத்தின் அதே ஏளனம் நகர மன்றத் தலைவரின் வாயிலிருந்து வந்தது.

மொழியிலும் இதே மறைப்புதான். மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளியில் 1963-ல் கியூப அகதிப் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் பாதிநேரம் ஸ்பானியம், பாதிநேரம் ஆங்கிலம் என்று படித்தார்கள். இன்று அதன் வழிவந்த இருமொழிப் பள்ளிகளில் பிள்ளையைச் சேர்க்க வசதியான வெள்ளையர் குடும்பங்களும் முண்டியடிக்கின்றன. கலந்து படிப்பதற்கு நல்ல வழிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் மாம் என்ற மாயா மொழி பேசும் குவாத்தமாலாப் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு ஸ்பானியமும் வெளி மொழி. வந்தவர்கள் ஹிஸ்பானிக் ஆதலால் ஸ்பானியம் தெரியும் என்று எண்ணி ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை அழைத்து வைத்தால், தாயும் ஆசிரியையும் ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டுக் கலைய வேண்டியதுதான்.

மறுமுனையில், வசதி கூடக்கூட ஹிஸ்பானிக் என்ற தலைப்பை விட்டே வெளியேறுகிறவர்களும் இருக்கிறார்கள். பியூ மையம் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, லத்தீன் அமெரிக்க வேர் உள்ளவர்களில், வெளிநாட்டில் பிறந்து குடியேறியோரில் 97 சதவீதம் பேர் தங்களை ஹிஸ்பானிக் என்கிறார்கள். மூன்றாம் தலைமுறையில் அது 77. நான்காவதிலும் அதன் பிறகும் 50. கலப்புத் திருமணம் இதற்கு முக்கியக் காரணம். பொருளியலாளர்கள் பிரையன் டங்கனும் ஸ்டீஃபன் ட்ரெஹோவும் இதில் ஒரு நுட்பமான சிக்கலைக் கண்டுபிடித்தார்கள். விலகிப் போகிறவர்கள் சராசரியாக அதிகம் படித்த குடும்பத்தினர். ஆகவே மூன்றாம் தலைமுறை மெக்சிகர் படிப்பில் தேங்கிவிட்டார்கள் என்று காட்டும் புள்ளிவிவரத்தில், முன்னேறியவர்களில் ஒரு பகுதியினர் கணக்கிலேயே இல்லை. கறுத்த தோலும் பழங்குடி முகமும் உள்ளவருக்கு இப்படிச் சத்தமில்லாமல் விலகிப் போகும் வசதி குறைவு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனத்தைக் கேட்கும் விதியை 2024 மார்ச்சில் மத்திய அரசு திருத்தியது. இரண்டு கேள்விகள் ஒன்றாகின்றன. ஹிஸ்பானிக் என்பதும் கறுப்பர், வெள்ளையர் போல ஒரு கட்டமாகிறது. பொருந்தும் கட்டங்கள் எல்லாவற்றிலும் டிக் அடிக்கலாம். துறைகள் 2029-ஐ இலக்காக வைத்து மாற வேண்டும். ‘வேறு இனம்’ என்று தவித்த பலருக்கு இது நிம்மதி தரும். ஆஃப்ரோ-லத்தீனோ ஆய்வாளர்கள் சிலர் மட்டும் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரே வரிசையில் வைத்தால் ஹிஸ்பானிக் என்பதும் ஓர் இனம்தான் என்று மக்கள் நினைத்து ஒரு டிக்கோடு நிறுத்திவிடுவார்கள். கறுப்பர் என்ற டிக் இன்னும் குறையும் என்பது அவர்கள் பயம். நியாயமான பயம்.

அதைவிட முக்கியம், டிக் அடித்ததை எண்ணும் முறை. பல கட்டங்களைக் குறித்த ஒருவரை ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணலாம் என்கிறது புதிய விதி. பெரிய கலப்புத் தொகுதிகளைத் தனித்தனியே காட்டவும் அனுமதிக்கிறது. எல்லாரையும் ‘பல இனத்தவர்’ என்ற ஒரே மூட்டையில் கட்டவும் வழி வைத்திருக்கிறது. கல்வித் துறை மூட்டையைத் தேர்ந்தெடுத்தால், டொமினிக்கக் கறுப்பினச் சிறுமி ‘ஹிஸ்பானிக்’ பட்டியலிலிருந்தும் வெளியேறி, ஜப்பானியத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் பிறந்த பிள்ளையோடு ஒரே வரியில் எண்ணப்படுவாள். இடைநீக்கம், சிறப்பு வகுப்பு, உயர்நிலைப் பாடத் தேர்வு ஆகிய மூன்றிலாவது பிள்ளையை அவள் குறித்த ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணும் முறையைக் கல்வித் துறை கட்டாயமாக்க வேண்டும். வீட்டு மொழிக் கேள்வியில் மாம், மிஷ்டெக், கீச்சே மொழிகளின் பெயர்களைப் படிவத்திலேயே அச்சிடவும் வேண்டும். இதற்கு உச்ச நீதிமன்றம் வரை போகத் தேவையில்லை. துறையின் ஒரு சுற்றறிக்கை போதும்.