வாள்சண்டைக்கு ஒரு கட்டற்ற பெட்டி

"வாள்சண்டையெல்லாம் பணக்காரங்க விளையாட்டு தம்பி" என்று கைகழுவுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பவானி தேவி 2004-ல் சென்னையில் தொடங்கியபோது பயிற்சிக்கு மூங்கில் குச்சிதான். மின்வாள் போட்டிக்கு மட்டும். அவர்தான் 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர். சந்தோஷம். அதற்காக இன்னும் எத்தனை வருஷம் மூங்கிலையே பெருமை பேசுவது?

அந்த ஸ்கோர் பெட்டிக்குள் அப்படி என்ன பூதம் இருக்கிறது? எப்பே வாளின் நுனியில் ஒரு பொத்தான், உள்ளே ஸ்பிரிங். 750 கிராமுக்கு மேல் அழுத்தம் விழுந்தால் சுற்று மூடும், விளக்கு எரியும். முதல் குத்து விழுந்து சுமார் 45 மில்லி வினாடிக்குள் எதிராளியும் குத்தினால் இரண்டு விளக்கும் எரியும். கைக்காப்பில் பட்டால் கணக்கில்லை. அவ்வளவுதான் சாமி! மைக்ரோ வினாடியில் நேரம் எண்ணும் ஆர்டுயினோ பலகைக்கு இது சப்பை மேட்டர். டிராஃபிக் சிக்னலையே நூறாவது தடவையாகப் புராஜெக்ட் செய்யும் நம்ம விருதுநகர் மாவட்டத்து மாணவர்கள் இதைச் செய்தால் என்ன?

செய்வதோடு, நிரலையும் சுற்றுப்படத்தையும் திறந்து வைக்க வேண்டும். சேபரில் அந்த இடைவெளி 120 மில்லி வினாடியாக இருந்தது. 2016-ல் 170 ஆக்கினார்கள். திறந்த பெட்டியில் ஒரு எண்ணை மாற்றினால் தீர்ந்தது. மூடிய பெட்டி என்றால் கம்பெனி வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"அங்கீகாரம் இல்லையே" என்பார்கள். சர்வதேசப் போட்டிக்கு முத்திரை குத்திய பெட்டியையே வையுங்கள், யார் வேண்டாம் என்றது? சாயங்காலப் பயிற்சிக்கு எதற்கு முத்திரை? 45 மில்லி வினாடியை எந்தக் கோச்சின் கண் பார்க்கும்? "ஏமாற்றுவார்கள்" என்றும் சொல்வார்கள். 1976 மான்ட்ரியலில் ஒனிஷ்சென்கோ மாட்டியது வாளுக்குள் ஒளித்த சுவிட்சால். பெட்டி பாவம், அசல்தான்.

முகக்கவசம், உடை, வாள் அலகு மூன்றையும் மட்டும் கையால் செய்யாதீர்கள். 1982-ல் ரோமில் உடைந்த வாள் கவசத்தைத் துளைத்து ஸ்மிர்னோவ் இறந்தார். பாதுகாப்பில் காசு மிச்சம் பிடித்தால் என்னாகும் என்று சிவகாசிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அதே சிவகாசியிலிருந்துதான் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். 'அதான் ஸ்வீடன் தீப்பெட்டி வருதே' என்று அவர்கள் சும்மா இருந்தார்களா? நமக்குக் கல்கத்தா ரயில்கூட ஏற வேண்டாம், சுற்றுப்படம் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. எப்பேயில் ஆரம்பியுங்கள். அதற்கு மின்கடத்தும் மேலங்கிச் செலவும் கிடையாது.