வாவி இருக்க வாடகை வான் எதற்கு?

விடுமுறை தொடங்கியதும் எங்கள் ஒழுங்கையில் வாடகை வான்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். நுவரெலியா, கண்டி, கொழும்பு என்று குடும்பங்கள் புறப்படும். வசதியுள்ளோர் சென்று வரட்டும்; அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் நாட்கூலிக்கு வேலை செய்யும் மேசனாகிய என் உறவினர் ஒருவர், மனைவியின் காதணியை அடகு வைத்து மூன்று நாள் நுவரெலியா சென்று வந்தார் என்று அறிந்தபோது வாளாவிருக்க இயலவில்லை. ஏன் என்று கேட்டேன். "பக்கத்து ஊட்டுப் புள்ளையள் எல்லாம் போகுதுகள். நாம எப்படி அண்ணன் சும்மா இருக்கிற?" என்றார்.

அவர் வீட்டிலிருந்து வாவிக்கரை ஐந்து நிமிட நடை. அவருடைய மூத்த மகனுக்கு வயது பன்னிரண்டு. அவன் இதுவரை ஒரு தோணியில் ஏறியதில்லை.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியைப் பார்க்க உலகின் மறுகோடியிலிருந்து மக்கள் வருகின்றனர். 1848இல் இங்கு வந்த எமர்சன் ரெனன்ற் என்ற ஆங்கில அதிகாரி, இரவில் தோணியிலிருந்து வாவியின் இசையைக் கேட்டு, அதைத் தமது நூலில் விரிவாகப் பதிவு செய்தார். அது ஊரியின் ஒலி என்று அவருக்குச் சொன்னவர்கள் நம் மீனவர்கள். அந்த இசையைத் தம் 'யாழ் நூலில்' நீரரமகளிரோடு இணைத்துப் பேசிய சுவாமி விபுலானந்தரின் சமாதியும் கல்லடி உப்போடையில்தான் இருக்கின்றது. இவற்றையெல்லாம் பாடப்புத்தகத்தில் மனனம் செய்யும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறு முனையைக் காதில் வைத்துப் பார்த்திருக்கின்றார்கள்?

பெற்றோரை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. நம் தலைமுறைக்கு வாவி அச்சத்தின் பெயராக இருந்தது. 2007 வரை எழுவான்கரை ஒருவர் கையிலும் படுவான்கரை இன்னொருவர் கையிலும் இருந்தன. இடையே கிடந்த நீர், போர் வகுத்த எல்லைக்கோடு. 2004 டிசம்பர் 26 கடலையும் நமக்குப் பகையாக்கியது. "தண்ணிப் பக்கம் போகாதே" என்று நம் தாய்மார் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்த பின்னும் அதே வார்த்தையை நாம் நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு என்ன காரணம்?

இரண்டாவது குற்றவாளி தனியார் வகுப்பு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் என்று தொடங்கி உயர்தரம் வரை, விடுமுறை என்ற சொல்லே பொருளிழந்துவிட்டது. பாடசாலை மூடிய மறுநாள் ரியூட்டரி நிரம்புகின்றது. வகுப்புக்கும் கட்டணம், வகுப்பின் களைப்பைப் போக்க உல்லாசப் பயணத்துக்கும் கடன். இந்த இரட்டைச் சுமையை ஏழைக் குடும்பம் எதற்காகச் சுமக்க வேண்டும்?

செலவு குறைந்த விடுமுறை வேண்டுமா? அதிகாலையில் பாலமீன்மடுவுக்குச் சைக்கிளில் செல்லுங்கள். 1913இல் கட்டிய வெளிச்சவீட்டையும் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தையும் காட்டுங்கள். ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த கோட்டை நகரின் நடுவிலேயே நிற்கின்றது. புகையிரதத்தில் கல்குடா சென்றால் பாசிக்குடாவின் ஆழமற்ற நீர் காத்திருக்கின்றது. அங்கு ஹோட்டல்கள் நிரை கட்டி நின்றாலும் கடற்கரை பொதுமக்களுடையது. ஆடி அமாவாசையில் மாமாங்கம், படுவான்கரையில் கூத்து. தெரிந்த மீனவர் ஒருவருக்கு அவருடைய அரை நாள் உழைப்புக்குரிய பணத்தைக் கொடுத்துத் தோணியில் ஒரு சுற்று வாருங்கள். அந்தப் பணம் நம் ஊரிலேயே ஓர் அடுப்பை எரிக்கும்.

"வாவியில் முதலை இருக்கின்றது, கரையில் குப்பை இருக்கின்றது, கல்லடிக் கடல் ஆளை இழுக்கும்" என்று மறுப்போர் உண்டு. மூன்றும் உண்மை. இறங்கிக் குளிக்கச் சொல்லவில்லை. தெரிந்தவரோடு, தெரிந்த இடத்தில் என்றுதான் சொல்கின்றேன். ஆனால் இந்த மறுப்பு முகவரி தவறி என்னிடம் வருகின்றது. எச்சரிக்கைப் பலகையும், உயிர்காப்பாளரும், நிழலும், மலசலகூடமும் உல்லாசப் பயணிகள் கூடும் இடத்துக்கு மட்டும் உரியவையா? வரி செலுத்தும் ஊர்க் குடும்பத்துக்குக் கிடையாதா? கரைக்குச் செல்லும் மக்களுக்குத்தான் இக்கேள்வியைக் கேட்கும் வலிமை உண்டு. வீட்டுக்குள்ளிருப்பவர்களுக்கு எந்தச் சபையும் பதில் சொல்வதில்லை.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஆகஸ்டில் வந்து ஹோட்டலில் தங்கி, உறவுப் பிள்ளைகளையும் நீச்சல் தடாகத்துக்கு அழைத்துச் செல்கின்றீர்கள். அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் மகிழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு உண்டு என்ற பாடத்தையும் அவர்களுக்குக் கற்பித்துவிட்டுப் போகின்றீர்கள். அடுத்த முறை நீங்கள் சிறு வயதில் தூண்டில் போட்ட துறைக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.

கண்டல் மரத்தை வெட்டிக் கரையை நிரப்பி மதில் எழுப்புபவர்கள் ஒவ்வொரு முறையும் சில அடிகளையே எடுக்கின்றனர். அந்தச் சில அடிகளில் விளையாடிய பிள்ளை அதைக் கவனிக்கும், கேள்வி கேட்கும். தோணியே ஏறாத பிள்ளைக்கு எது போனது என்றே தெரியாது. என் உறவினரின் மகனை வரும் ஞாயிற்றுக்கிழமை தோணிக்கு அழைத்திருக்கின்றேன். காலையில் அவனுக்கு வகுப்பு இருக்கின்றதாம். அன்று அவன் போகக்கூடாது என்று தகப்பனிடம் சொல்லிவிட்டேன்.